என்ன காணும், கணக்குச் செய்யேல்லையோ?

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் ஒரு பாடசாலையில் பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் தரப் பெடியன் ஒருவன் மூன்றாம் தடவையும் வீட்டுவேலை செய்யாமல் வந்தான். கோபத்தில் "மாடு, உனக்கெல்லாம் என்னத்துக்குப் பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டேன். கை வைக்கவில்லை. அடுத்த நாள் காலை தகப்பன் படலையிலேயே என்னை மறித்தார். "நீ ஆர் என்ர பிள்ளையை மாடு எண்டு சொல்ல?" என்று கத்தினார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

எங்கள் காலத்தில் வாத்தியார் சைக்கிளில் வந்தால் மதவடியில் இருக்கிற பெடியள் எழும்பி நிற்பார்கள். பிரம்பைப் பறித்தார்கள், மரியாதையும் போய்விட்டது. இப்போது அதிபர் பாடசாலைக்குப் புதிதாக ஒழுக்க விதிகள் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார். எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

தகப்பன் செய்தது பிழை. முறைப்பாடு சொல்ல அதிபரின் அறை இருக்கிறது. படலை அதற்கான இடமில்லை. அதே மனிதர் ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் போய் "நீ ஆர்" என்று கேட்டிருப்பாரா? மாட்டார். பள்ளிக்கூடத்துப் பெண் ரீச்சர் என்றால்தான் அந்த 'நீ' அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. அதிபர் அவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு முன்னால் வைத்துப் பேசியிருக்க வேண்டும். பேசினாரா என்று நீங்கள் எழுதவில்லை.

ஆனால் 'மாடு' என்ற சொல்லை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கடிதம் எழுதுபவர்கள் பொதுவாக அந்த வரியை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாததால்தான் நானும் ஒளிக்காமல் பேசலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வகுப்பில் "உனக்கெல்லாம்" என்றீர்கள். பெடியன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் காலை தகப்பன் அதை "நீ ஆர்" என்று திருப்பிக் கொண்டுவந்தார். போன சொல்தான் திரும்பி வந்தது. சிரித்த பிள்ளைகள் இரண்டு காட்சியையும் பார்த்தவர்கள்.

யாழ்ப்பாணத்துத் தமிழில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கேட்டால் புலவர் பேச்சு என்று சிரிப்பார்கள். எங்களுக்கு அது அடுக்களைப் பேச்சு. வயதில் இளையவரைத் தாழ்த்தாமலும், அதிகம் தூரத்தில் வைக்காமலும் கூப்பிட ஒரு வழி. எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் பதின்மூன்று வயதுப் பெடியளைக்கூட 'நீர்' என்றுதான் சொல்வார். "என்ன காணும், கணக்குச் செய்யேல்லையோ?" என்பார். அவ்வளவுதான். 'நீர்' என்பதோடு சேர்ந்து வருகிற அந்தக் 'காணும்' என்ற விளி காதில் விழுந்தால் வெட்கம் வரும், அழுகை வராது. பக்கத்து வகுப்பில் இன்னொருவர் இருந்தார். அடிவாங்கப் போகிறவனையே அனுப்பி வேலியில் பூவரசம் தடி முறித்துவரச் சொல்வார். மெல்லிய தடி கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவார். இருவருக்கும் நாங்கள் எழும்பித்தான் நின்றோம். ஒருவர் செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். மற்றவரை நான் சந்தையில் கண்டால் இன்றைக்கும் மற்றப் பக்கத்தால் போவேன். எனக்கு அறுபத்திரண்டு வயது.

பிரம்பைப் பறித்தார்கள் என்கிறீர்கள். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பியது 2005இல். உங்கள் பதினாறு வருடக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் படிப்பிக்க வந்ததே அதற்குப் பிறகு. உங்களிடம் இல்லாத பிரம்பை யார் பறிக்க முடியும்? (நடைமுறையில் எத்தனை அலுமாரிகளுக்குப் பின்னால் அது இன்னும் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.) 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது கேளாமல் போன வழக்கில் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கும் உறுப்புரை அது. 'இழிவான' என்ற சொல்லுக்கு எப்போதும் பிரம்பு வேண்டியதில்லை.

இனி, "எங்கள் காலத்தில்". யாருடைய காலத்தில் என்று கேட்க எனக்கு எப்போதும் ஒரு அரிப்பு. நூறு வருடத்துக்கு முன்னர் இதே குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களில் சாதியைச் சொல்லிச் சில பிள்ளைகளுக்கு வாங்கில் இடமில்லை. நிலத்தில் இருந்தார்கள், அல்லது வெளியில். ஆசிரியருக்கு எழும்பி நின்ற மரியாதை அங்கே குறைவில்லாமல் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னாளில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் ஆன இயக்கம் சமாசனம் (சமமாக இருத்தல்), சமபோசனம் (சமமாக இருந்து சாப்பிடுதல்) என்று பேசியபோது ஊர் கொதித்தது. 1930ஐ ஒட்டிய காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு எதிர்ப்பாகப் பள்ளிக்கூடங்களுக்கே நெருப்பு வைத்தார்கள். வாங்கில் யார் இருப்பது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்திய ஊர் இது. அந்தக் காங்கிரஸின் முன்னோடிகளில் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் ஒரு ஆசிரியர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர். கட்டுப்பாடும் மரியாதையும் ஒன்றல்ல என்று அப்போதே தெரிந்த வாத்திமாரும் இருந்தார்கள். மதவடியில் எழும்பியவர்களில் எத்தனை பேர் பயத்தில் எழும்பினார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

விதிகளுக்கு வருவோம். என் பேத்தியின் பாடசாலைக் கையேட்டைப் பார்த்தேன். தலைமயிர், சப்பாத்து, ரிபன், வரவு, கைத்தொலைபேசி: எல்லாம் பிள்ளைகளுக்கு. ஆசிரியருக்கோ பெற்றாருக்கோ ஒரு வரியும் இல்லை. நீங்கள் எழுதுவதில் அவர்களும் இருக்கட்டும். பெற்றார் யாரிடம், எங்கே முறையிடலாம், எத்தனை நாளில் பதில் வரும் என்பது எழுத்தில் இருந்தால் படலையில் மறிக்கிறவருக்குச் சாட்டு இருக்காது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் புள்ளியையோ பிழையையோ பெயர் சொல்லிப் போடக்கூடாது; அதே குழுவில் ஆசிரியரைப் பற்றிப் பெற்றாரும் எழுதக்கூடாது. கூட்டித் துடைக்க வருகிற அம்மாவைப் பிள்ளைகள் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்றும் ஒருநாள் காது கொடுத்துப் பாருங்கள். அவவை ஆசிரியர்கள் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எந்தக் கையேடும் அதைத் திருத்தாது.

ரியூசன் சேர் ஒலிவாங்கியில் "டேய்" என்று கத்த ஒரு மண்டபப் பிள்ளைகள் ரசித்துச் சிரிக்கிறார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் என்று உங்கள் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். காசு கொடுத்து விரும்பிப் போன இடம் அது. பிடிக்காவிட்டால் அடுத்த கொட்டிலுக்கு மாறலாம். உங்கள் வகுப்பிலிருந்து அந்தப் பெடியன் எழும்பிப் போக முடியாது.

விதிகளை எழுத முன்னர் ஒரு வேலை இருக்கிறது, கஷ்டமான வேலை. 'மாடு' என்று சொன்னது வகுப்பில், எல்லாருக்கும் முன்னால். அதனால் "அன்றைக்கு நான் சொன்னது பிழை" என்பதையும் அதே வகுப்பில், எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். தகப்பன் உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அது அதிபர் பார்க்க வேண்டிய வேறு கணக்கு.

பிறகு இன்னொன்று. அவன் மூன்று தடவையும் ஏன் வீட்டுவேலை செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.