விவசாயியைத் தெய்வம் என்கிறோம். தக்காளி விலை ஏறினால் மட்டும் ஏன் கொதிக்கிறோம்? அரசு யார் பக்கம்?

உடுமலைப் பக்கம் எங்கள் அப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். நான் கோவையில் மாதச் சம்பளக்காரன். அதனால் இந்தக் கொதிப்பை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் அலுவலக கேன்டீனில் தக்காளிச் சட்னியையே நிறுத்திவிட்டார்கள். "உங்க அப்பாவுக்கு இப்போ செம வருமானமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்பாவிடம் அப்போது ஒரு காய்கூடக் கிடையாது. மே மாதம் 14 கிலோ பெட்டி 100 ரூபாய்க்குக்கூடப் போகவில்லை. பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று செடியோடு சேர்த்து ரோட்டாவேட்டர் விட்டு ஓட்டிவிட்டார்.

ஜூலை விலையைப் பார்த்து மறுபடி நாற்று வாங்கி நட்டார். ஊரே நட்டது. காய் வந்தது செப்டம்பரில். லீவு போட்டு நானும் அவரோடு சந்தைக்குப் போனேன். விடியற்காலை நாலரை மணிக்கே மண்டியில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். ஏலத்தில் எங்களுடையது பெட்டி 80 ரூபாய். கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, வண்டி வாடகை, பறித்த பெண்களின் கூலி எல்லாம் போக, 40 பெட்டிக்குக் கையில் நின்றது அறுநூற்றுச் சொச்சம். உரம், மருந்துச் செலவு இந்தக் கணக்கில் வராது. துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, டீ குடிக்கலாம்" என்றார்.

சரி, அரசுக்கு வருவோம். அந்த ஜூலையில் தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. மத்திய அரசும் டெல்லியில் மலிவு விலைக்கு விற்றது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து இறக்குமதிகூட நடந்தது. வேகமான வேலைதான், குறை சொல்லவில்லை. செப்டம்பரில் எங்கள் மண்டிப் பக்கம் அந்த வேகத்தைக் காணோம். திட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' என்று 2018 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். எங்கள் சந்தையில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பார்க்கிற ஜன்னல் அப்படி. பணவீக்கத்தை அளக்க அப்போது இருந்த, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு மட்டும் 45.86 சதவீதமாக இருந்தது. ரிசர்வ் வங்கிக்கோ பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும் என்று இலக்கு. தக்காளி ஏறினால் டெல்லி வரை மணி அடிக்கும். அது விழுந்தால் 'பணவீக்கம் தணிந்தது' என்று டிவியில் வாசிப்பார்கள். அந்தத் தணிவில்தான் எங்கள் 40 பெட்டியும் இருந்தது.

வெங்காயத்திலும் இதே கதை. 2023 டிசம்பரில் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், அடுத்த மே மாதம் வரை நீடித்தது. வடக்கே பெரிய வெங்காயத்தை மனதில் வைத்துப் போட்ட உத்தரவில் நம் பக்கத்துச் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

அப்பா இப்போது ஒரு ஏக்கரை மக்காச்சோளத்துக்கு மாற்றிவிட்டார். கோழித்தீவனத்துக்கு வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார். மீதி அரை ஏக்கரில் தக்காளி. அதை விட அவருக்கு மனசில்லை.