வேகமான கார் செய்ய ஆசைப்படும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பிளஸ் டூ படிக்கும் மகள், உலகிலேயே வேகமான ரோட்டுக் கார் செய்யும் கம்பெனியில்தான் வேலை பார்ப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்கில் சேர்த்தால் போதுமா, நாளைக்கு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பயப்பட வேண்டாம். ஆனால் கம்பெனியின் பெயரை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வேகப் போட்டியில் கார் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

1998இல் மெக்லாரன் எஃப்1 மணிக்கு 386 கி.மீ. ஓடியது. 2005இல் புகாட்டி வேரான் 408ஐத் தாண்டியது. 2017இல் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் அமெரிக்காவின் நெவாடா நெடுஞ்சாலையில் இரு திசை சராசரியாக, அதாவது போயும் வந்தும் ஓடியதன் சராசரியாக, 447ஐத் தொட்டது. 2019இல் புகாட்டி சிரோன் ஜெர்மனியின் ஏரா-லெசியன் தடத்தில் ஒரு திசையில் மட்டும் 490 கி.மீ. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி கூடும். 400இலிருந்து 500க்குப் போக ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைத்திறன் வேண்டும்.

இன்ஜினில் அந்தத் திறனை எடுத்துவிடலாம். சிக்கல் டயரில் வருகிறது. 2010இல் வேரான் சூப்பர் ஸ்போர்ட் 431 கி.மீ. ஓடிச் சாதனை படைத்தது. வாடிக்கையாளருக்கு விற்ற கார்களையோ டயரைக் காப்பாற்றுவதற்காக 415இல் கட்டுப்படுத்தினார்கள். ஏன் என்பதை உங்கள் மகளே கணக்குப் போடட்டும், பதினொன்றாம் வகுப்பு வட்ட இயக்கப் பாடம்தான். 490 கி.மீ. என்றால் விநாடிக்கு 136 மீட்டர். சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. என்று வைத்து வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப்போல் சுமார் 5,400 மடங்கு வரும். டயரின் வெளிப்பரப்பில் உள்ள ஒரு கிராம் ரப்பர், ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளைப்போல வெளியே இழுக்கும். அதனால்தான் 2019 ஓட்டத்துக்கு முன் மிஷெலின் டயர்களை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே உள்ள கம்பி இழைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் "அப்போ அந்த ரப்பரை எப்படிச் செய்றாங்க?" என்று கேட்டால், அவளுக்கு ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அந்த பி.டெக். இருக்கிறது. பெயர் கவர்ச்சியாக இல்லை என்று பலர் ஒதுக்கும் பிரிவு இது. எம்ஆர்எஃப், மிஷெலின் ஆலைகள் சென்னையைச் சுற்றியே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அளவீடு இன்னொரு துறை. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்எஸ்சி கம்பெனியின் டுவாட்டாரா கார் சராசரி 508 கி.மீ. ஓடியதாக அறிவிப்பு வந்தது. வீடியோவைப் பார்த்தவர்கள் சாலையோர அடையாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை எடுத்து, கார் அதைக் கடந்த நேரத்தால் வகுத்தார்கள். திரையில் காட்டிய வேகம் வரவில்லை. இன்ஜின் சுழற்சியையும் கியர் விகிதத்தையும் வைத்துப் பார்த்தபோதும் பொருந்தவில்லை. கம்பெனியே அந்தக் கணக்கைக் கைவிட்டு, 2021 ஜனவரியில் மறுபடி ஓட்டியபோது இரு திசை சராசரி 455 கி.மீ.தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நெடுஞ்சாலையில் காரில் போகும்போது அவள் பின்சீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போகும் நேரத்தைக் குறிக்கட்டும். 50 விநாடி என்றால் மணிக்கு 72 கி.மீ. ஸ்பீடாமீட்டரையும் போன் ஜிபிஎஸ்ஸையும் ஒப்பிடட்டும். மீட்டர் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஏன் மூன்றும் ஒத்துவரவில்லை என்று ஆராய உட்கார்ந்தால், அளவீட்டுக் கருவிகளைப் பற்றிய இன்ஸ்ட்ருமென்டேஷன் அவளுக்கான பிரிவு. ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டால், அதுவும் இப்போதே தெரிவது நல்லதுதான்.

இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) என்றால் காருக்குச் சம்பந்தமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடத்தில் 496 கி.மீ. ஓடிய யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம், நான்கு மோட்டாரும் 1,200 வோல்ட் மின்னமைப்பும் கொண்ட மின்சாரக் கார்.

வேலையைப் பொறுத்தவரை, கோனிக்செக் போன்றவை சிறிய கம்பெனிகள், இடங்கள் குறைவு. ஆனால் வேரானின் கியர்பாக்ஸைச் செய்தது இங்கிலாந்தின் ரிக்கார்டோ. 490 ஓடிய சிரோனின் காற்றியக்கத்தில் இத்தாலியின் டல்லாரா கைகொடுத்தது. இப்படி உதிரிபாகமும் ஆய்வும் செய்பவர்களிடம்தான் கூடுதல் வாய்ப்பு. மகள் நான்கு வருடம் ஆட்டோமொபைல் மட்டும் படிப்பதைவிட மெக்கானிக்கல் படித்துவிட்டு, மேற்படிப்பில் பிரிந்து போவதே எங்கள் யோசனை. மெக்கானிக்கல் பட்டத்துக்குக் கார் கம்பெனிக் கதவும் திறக்கும், மற்ற கதவுகளும் திறக்கும்.

மேற்படிப்புக்கு ஜெர்மனி என்றால் முதலில் இங்கே படித்த சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ், பிறகு வாழ்க்கைச் செலவுக்காக மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை; பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. ஆங்கிலத்தில் பாடம் நடந்தாலும் தொழிற்சாலைப் பயிற்சிக்கு ஜெர்மன் மொழி கேட்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கட்டும்.

கவுன்சலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப். விருப்பப் பட்டியல் போடுமுன் கல்லூரியில் மாணவர்களே ரேஸ் கார் கட்டும் ஃபார்முலா அணி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் ரேஸ் கார் போட்டியான ஃபார்முலா பாரத்தில் நெடுந்தூர ஓட்டத்தை அந்தக் கார் முழுதாக முடித்ததா, பாதியில் நின்றதா? பாதியில் நின்றால் ஏன் நின்றது என்று அணி மாணவர்களிடம் விசாரியுங்கள். காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் அந்தக் கல்லூரியைத் தைரியமாகப் பட்டியலில் மேலே வைக்கலாம். அணியில் சேர்ந்தால் இரவெல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான் இருப்பாள். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெளிநாட்டு விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள்.