மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லை என்றால்…

கைநடுக்கம், எடை, பிள்ளைகளுக்கும் வருமா என்று பல கவலைகளை எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில், ‘ஐந்து நாள்களாக மூன்று மணி நேரமே தூங்குகிறேன், ஆனாலும் களைப்பே இல்லை, தன்மேல் தானே பரிவு காட்டும் தற்பரிவுப் பயிற்சி பலன் தருவதால் பைபோலார் நோய்க்கான லித்தியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தக் கூடாது. இன்றே உங்கள் மனநல மருத்துவரை அழைத்து, நாளைக்குள் நேரில் பாருங்கள்; இரவில் அவர் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் சோர்ந்துபோவதை நான் இவ்வளவு அவசரமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் மாறும் பைபோலார் நோய் உள்ளவருக்குத் தூக்கமே தேவைப்படாததுபோல் உடல் துடிப்பாக இருந்தால், அது மேனியா எனும் மிகையெழுச்சி நெருங்குவதைக் காட்டும் அறிகுறி. பேச்சு வேகமெடுத்து, பணம் கைமீறிச் செலவாகும் கட்டம் வந்துவிட்டால் தனக்கு நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போகும். உங்களுக்கு அது இன்னும் தெரிகிற இந்த நாள்களைத் தவறவிடாதீர்கள். இந்த நேரத்தில் லித்தியத்தைத் திடீரென நிறுத்துவது மேனியாவை வாசல் திறந்து அழைப்பதாகும். ‘மருந்தில்லாமல் வென்றேன்’ என்று காணொளியில் பேசுகிறவர் உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தவர் அல்லர்.

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அடியில் வேறோர் அச்சம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாத்தனாரின் வளைகாப்பில் எல்லார் முன்னிலையிலும் மாமியாரைப் பேசிய பேச்சையும், யாரிடமும் சொல்லாமல் அடகு வைத்த தாலிச்சங்கிலியையும் நினைத்து, ‘அதைச் செய்தது நானா, நோயா?’ என்கிறீர்கள். நோய் வந்தது உங்கள் குற்றமன்று. சங்கிலியை மீட்பதும் மாமியாரிடம் வருத்தம் தெரிவிப்பதும் உங்கள் பொறுப்பு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவதே, பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய பரிவுசார் சிகிச்சை போன்றவற்றின் வேலை. ‘செல்ஃப் கம்பாஷன்’ எனும் தற்பரிவைத் தன்னிரக்கம் என்று மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமுண்டு. ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்று சுருண்டு கிடப்பதுதான் தன்னிரக்கம். இதே நோய் உங்கள் தங்கைக்கு வந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை உங்கள் பெயருக்கே கடிதமாக எழுதி வாய்விட்டுப் படிப்பது தற்பரிவு.

மருந்தோடு சேர்ந்த துணையாக அதை நான் மதிக்கிறேன். வெட்கத்தில் இருப்பவர்கள், ‘மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா’ என்ற பார்வைக்கு அஞ்சி, தூக்கம் குறைந்ததை வீட்டில் மறைக்கிறார்கள். தன்னைத்தானே வைவதை விட்டவர் இரண்டாம் நாளே சொல்லிவிடுகிறார். நீங்கள் ஐந்து நாள் மறைத்திருக்கிறீர்கள். இன்றிரவு கணவரிடம் சொல்லுங்கள்.

மற்றவை சிறியவை. லேசான கைநடுக்கம் லித்தியத்தின் வழக்கமான பக்கவிளைவு. நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடையைப் பிறகு பார்க்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தலைவலிக்கு நீங்களாகக் கடையில் வாங்கும் இபுபுரூஃபனை இனித் தொடாதீர்கள், அது இரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும்.

நாளைக் காலை மாத்திரையைப் போடாமல், முந்தைய மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து லித்தியத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கணவருடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.