ஆயிரம் வருடப் பழைய கொலை வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்

கேள்வி: மர்மக் கதையோ சரித்திரக் கதையோ, இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கிறேன். ஒன்று ஜோசஃபின் டே எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்'. இன்னொன்று 'பொன்னியின் செல்வன்' கடைசிப் பாகம், எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற நாட்களில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் கொட்டகையில் விழித்திருக்க வேண்டும். என் வாசிப்பெல்லாம் பெரும்பாலும் அங்கேதான்.

டேயின் கதையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பொழுது போகவில்லை. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனுடைய படம் ஒன்று அவர் கைக்கு வருகிறது. 1483இல் அரியணைக்காக அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் தீர்த்துக்கட்டியவன் என்று பெயர் வாங்கிய சித்தப்பா. இது கொலைகாரன் முகமா என்று இவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அப்புறம் கட்டிலை விட்டு இறங்காமலே விசாரணை. துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. இதை எழுதிவைத்தவர் யார், அப்போது அவருக்கு என்ன வயது, யார் தயவில் இருந்தார்? இந்தக் கேள்விகளை வைத்தே கதை நகர்கிறது. ரிச்சர்டைப் பற்றி எழுதிய தாமஸ் மோர், ரிச்சர்ட் ஆண்ட காலத்தில் சின்னப் பையன் என்று தெரியவரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் புத்தகம் 1951இல் வந்தது. அதே சமயத்தில் இங்கே கல்கி, 1950 முதல் 1954 வரை, வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' தொடரில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். இங்கேயும் இறந்துபோவது இளவரசன். இங்கேயும் அரியணை ஏறுவது சித்தப்பா முறை உள்ளவர், உத்தம சோழன். இந்த ஒற்றுமை தட்டுப்பட்டதிலிருந்து கல்கியை வீர சாகசக் கதையாகப் படிக்க முடியவில்லை. கரிகாலன் இறந்துபோகும் கடம்பூர் மாளிகை அத்தியாயங்களை ஒரு துப்பறியும் நாவலாகத்தான் படிக்கிறேன். யார் எங்கே நின்றார்கள், விளக்கு எப்போது அணைந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். கொன்றது இன்னார் என்று அடித்துச் சொல்லாமல் கல்கி விட்டிருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அந்த நாவலில் அவர் செய்த மிக நேர்மையான காரியம் அதுதான் என்பேன்.

நம் வழக்குக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. மாசி மாதம் பைக்கில் அணைக்கரை தாண்டிக் காட்டுமன்னார்கோயில் போனேன். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் கரிகாலனின் தம்பி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் குடும்பத்தார், உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்த விவரம் அதில் வருகிறது. குருக்கள் "இந்தப் பக்கம் வாங்க தம்பி" என்று காட்டினார். எழுத்துகள் எனக்குப் பிடிபடவில்லை. அச்சில் படித்ததை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கல்கியின் ரவிதாசன் காட்டில் திரிகிற மந்திரவாதி. கல்வெட்டில் இருப்பவனோ பஞ்சவன் பிரம்மாதிராசன். பரமேசுவரன், இருமுடிச்சோழப் பிரம்மாதிராசன். இவை அரசு உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பட்டங்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒரே வீட்டில் ஒருவனுக்குப் பாண்டியப் பெயரில் பட்டம், இன்னொருவனுக்குச் சோழப் பெயரில் பட்டம்! மந்திரவாதியை விட இந்த அதிகாரிகள்தான் எனக்கு அதிக பயம் தருகிறார்கள்.

சரி, கொலைக்கும் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985க்கும் நடுவே ஏறக்குறைய பதினைந்து வருடம். அவ்வளவு நாள் ஏன் நடவடிக்கை தெரியவில்லை? வரலாற்று ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்று ஆசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. என் மனம் பண்டாரத்தார் பக்கம். உத்தம சோழனின் மகன், ராஜராஜனின் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்திருக்கிறார். அண்ணனைக் கொல்ல வைத்தவர் பிள்ளையிடம் யாராவது அப்படிப்பட்ட பொறுப்பைக் கொடுப்பார்களா? ஆனால் 'தி டாட்டர் ஆஃப் டைம்' இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டால், சொத்துப் பறிமுதல் ஆவணம் மட்டும்தானே கிடைத்திருக்கிறது, மற்ற ஆவணம் எங்கே என்று கேட்பார். அதுவும் நியாயம்தான்.

அடுத்து சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' எடுத்து வைத்திருக்கிறேன். 1857 கலகக் காலத்தில் நடப்பது. துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்தைத் தந்தவர் சரித்திரத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்க ஆசை.

உங்களுக்கு ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் டேயை எடுங்கள், சின்னப் புத்தகம். எனக்கு இன்னும் ஐம்பது பக்கம் பாக்கி. ரிச்சர்ட் விஷயத்தில் இன்ஸ்பெக்டர் கடைசியில் என்ன முடிவுக்கு வருகிறார் என்று படித்தவர்கள் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கு ராத்திரி மின்சாரம் வந்தால் முடித்துவிடுவேன்.