டிசம்பரில் பொலிவியா: கோடைக்காலம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் 10 நாள் தென் அமெரிக்காவின் பொலிவியா போக நினைக்கிறோம். நான், கணவர், 13 வயது மகன், 62 வயது மாமியார். அத்தை ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "அங்கே அப்போது கோடைக்காலம், குளிர் இருக்காது, உப்புப் பாலைவனம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்கிறார் ஏஜென்ட். முதல் நாளே லா பாஸில் இறங்குகிறோம். கொடைக்கானலில் அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தைரியமாகப் போகலாமா?

பதில்: உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அந்த முதல் நாள்தான். லா பாஸுக்கான விமான நிலையம் எல் ஆல்டோ என்ற ஊரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதற்கும் மேலே 1,400 மீட்டரில் உங்களை இறக்கிவிடப் போகிறார்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். கொடைக்கானலை இதோடு ஒப்பிடவே முடியாது. இந்த உயரம் வயதானவர்களைத்தான் தாக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஓடியாடும் பையனுக்கு முதலில் தலைவலியும் வாந்தியும் வரலாம். உயரத்தால் வரும் இந்த உபாதையை அந்த ஊர்க்காரர்கள் 'சொரோச்சே' என்பார்கள்.

நான் பார்த்த பல பேக்கேஜ்களில் ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம், காலை உணவு உண்டா என்பதெல்லாம் இருக்கும். ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பது மட்டும் இருக்காது. அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஏஜென்ட்களை யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. பணம் கட்டும் முன் அந்தக் கணக்கை எழுதி வாங்குங்கள். தர மறுப்பவரிடம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

கோடை விஷயத்துக்கு வருவோம். பொலிவியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் டிசம்பர் அங்கே கோடை என்பது உண்மைதான். ஆனால் ஹைதராபாத் வடக்கே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் லா பாஸ் தெற்கே. அது வெப்ப மண்டலம். அங்கே குளிரைத் தீர்மானிப்பது முக்கியமாக உயரம்தான். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே நாளில் மதியத்துக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. எந்த மாதம் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். கோடை என்றால் அங்கே மழைக்காலம் என்று பொருள். டிசம்பர் முதல் மார்ச் வரை அமேசான் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வந்து மலையின் கிழக்குச் சரிவில் கொட்டும். யுங்காஸ் பகுதிச் சாலைகளில் மண் சரியும். மிச்ச மழைதான் மேலே உள்ள பீடபூமிக்கு. மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிவாக இருக்கும்.

அப்படியானால் மழைக்காலத்தில் போகவே கூடாதா? ஒரே ஒரு விதிவிலக்கு, உங்கள் ஏஜென்ட் சொல்லும் கண்ணாடி. உயுனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய சமதளம். அதன்மேல் சில சென்டிமீட்டர் மழைநீர் தேங்கி, காற்றும் அடங்கினால் வானம் அப்படியே கீழே தெரியும். தண்ணீர் இல்லாமல் இது நடக்காது. வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில்தான் அது சரியாக அமையும். டிசம்பர் கடைசியில் மழை பிந்திவிட்டால் வெறும் உப்புத்தான். மழை கூடிவிட்டாலோ ஜீப்பை உள்ளே விடமாட்டார்கள், நடுவில் இருக்கும் கள்ளிச்செடித் தீவான இன்காவாசிக்கும் போக முடியாது. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் மழை குறைந்து, ஓரங்களில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நேரம். நம் பள்ளித் தேர்வு அட்டவணை அதற்கு இடம் தராது, என்ன செய்ய! ஆக, டிசம்பரில் கண்ணாடி நிச்சயம் என்று யார் சொன்னாலும் தன் கையில் இல்லாத ஒன்றை உங்களுக்கு விற்கிறார்.

இன்னொரு பொறியும் உண்டு. சிலி நாட்டின் சான் பெட்ரோ தே அடகாமாவிலிருந்து ஜீப்பில் உயுனிக்கு மூன்று நாள் பயணம் மலிவாகக் கிடைக்கும். சான் பெட்ரோ சுமார் 2,400 மீட்டர். அங்கிருந்து கிளம்பிய முதல் நாளே 4,800 மீட்டரைத் தாண்டி வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு, 4,300 மீட்டர் வாக்கில் படுக்கவைப்பார்கள். சுற்றிலும் வெறும் மலை, பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. நடு இரவில் மூச்சு முட்டினால் என்ன செய்வீர்கள்? அத்தையை இதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சரி, எப்படிப் போவது? உடம்பு பழகப் பழகப் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் சான்டா குரூஸில் இறங்குங்கள். அதுவும் பொலிவியாதான், உயரம் சுமார் 400 மீட்டர், நம் ஊர் மாதிரி புழுக்கம். இரண்டு இரவு அங்கே. அப்புறம் விமானத்தில் சுக்ரே, 2,800 மீட்டர், மூன்று இரவு. பிறகு சாலை வழியே உயுனி, சுமார் 3,650 மீட்டர். வழியில் வரும் பொட்டோசி 4,000 மீட்டருக்கு மேல், அதனால் அங்கே தங்க வேண்டாம். உப்புவெளியைப் பார்த்துவிட்டு, கடைசியாக லா பாஸ். அங்கேயும் நகரின் தெற்குப் பகுதியில் அறை எடுத்தால் மையத்தைவிட 300, 400 மீட்டர் தாழ்வாகத் தூங்கலாம். மறியல் செய்து சாலையை அடைப்பது அந்த நாட்டில் சகஜம், ஆகவே கையில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். போக வரவே நாலு நாள் போய்விடும் என்பதால் 10 நாளில் இது அடங்காது. மே மாதம் பள்ளி விடுமுறையில் 15, 16 நாளாக வையுங்கள். கண்ணாடி கிடைக்காது, இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆனால் அத்தை நிதானமாக மூச்சு விடுவார்.

ஏறும் நாட்களில் மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். ஸ்ப்ரே டப்பா மாதிரி விற்கும் ஆக்சிஜனை வாங்காதீர்கள், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சொரோச்சேவைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ, அத்தையின் மாத்திரைகளில் சிறுநீர் பிரியவைக்கும் வகையோ இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கோகா இலைத் தேநீர் அங்கே சட்டப்படி சரி, குடிக்கலாம். ஒரு பாக்கெட்கூடப் பையில் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள், இந்தியாவில் அது போதைப்பொருள் வழக்கு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி ஏஜென்ட் சொன்னாரா? பொலிவியாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அங்கீகாரம் பெற்ற சில மையங்களில்தான் போடுவார்கள். இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு இத்தனை குறைவான மையங்கள் எப்படிப் போதும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல். எனவே டிக்கெட்டுக்கு முன்னால் அத்தையின் டாக்டரைப் பாருங்கள். அவர் ஊசி வேண்டாம் என்றால், அத்தையை வைத்துப் போட்ட திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மேலே போனபின் யாருக்காவது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே வண்டி பிடித்துக் கீழே இறங்குங்கள்.