மீன் தடைக்காலத்தில் என்ன செய்தார்?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மூன்று லட்சத்தைப் புதுத் தொழில் ஒன்றில் போடலாமென்று இருக்கிறேன். இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர், போட்டோவைப் பார்த்தே மீன் கெட்டதா என்று சொல்லும் செயலி செய்யப்போகிறார். இதுவரை யாரும் செய்யாததாம். இன்னொரு பையன் காசிமேட்டு மீனை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதைப் பத்துப் பேர் செய்கிறார்களே! யோசனையைப் பார்ப்பதா, நடத்தும் ஆளைப் பார்ப்பதா?

ஆர்., தண்டையார்பேட்டை

அன்புள்ள ஆர்.,

பத்துப் பேர் செய்வதைக் குறையாக நினைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனம் தொடங்கியபோது, அது செய்த வகை மென்பொருள், அதாவது வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க நிறுவனங்களுக்கு உதவுவது, ஏற்கெனவே சந்தையில் இருந்தது. அதை விற்றுவந்த ஸென்டெஸ்க் நிறுவனம் விலையை ஏற்றியதற்கு அதன் வாடிக்கையாளர்கள் கொதித்ததை இணையத்தில் எல்லோரும்தான் படித்தார்கள். படித்துவிட்டு வேலையில் இறங்கியவர் ஃப்ரெஷ்டெஸ்கைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

அதனால் முதலில் மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து பேசுங்கள். விடியற்காலை ஏலத்துக்கு அவரே போகிறாரா? ஒரு கூடை சங்கரா எடுத்தால் சுத்தம் செய்தபின் எத்தனை கிலோ நிற்கிறது? ஐஸ், வெட்டுக்கூலி, பெட்ரோல் எல்லாம் போக ஒரு ஆர்டரில் கையில் என்ன மிஞ்சுகிறது? விற்காத மீன் எங்கே போகிறது? முக்கியமாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து குறையும், விலை எகிறும். போன வருஷம் அந்த நாட்களை எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள். நோட்டில் கணக்கு எழுதியிருந்தால் வாங்கிப் பாருங்கள். போன மாதம் வாங்கிய வீடுகளில் எத்தனை இந்த மாதமும் வாங்கின என்று தெரிந்துவிடும்.

யோசனைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. வாங்க ஆளில்லாத பொருளை எவ்வளவு திறமையாக விற்றாலும் போகாது. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து மீன் எடுப்பவருக்குச் செயலி எதற்கு? ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள் என்றால், முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரே ஒரு ஓட்டல்காரரையாவது அழைத்துவரச் சொல்லுங்கள். வந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம், இது உங்கள் வாழ்நாள் சேமிப்பு. மூன்று லட்சத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத தொகையாக, ஐம்பதாயிரத்தில் தொடங்குங்கள். கடனா பங்கா என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஒரு வருஷக் கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.