1854ஆம் வருட ‘சுப்ரீம் கோர்ட்’ டிக்ரி இன்று செல்லுமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் கையால் எழுதிய ஆங்கில டிக்ரி (தீர்ப்பாணை) நகல் ஒன்று கிடைத்தது. 1854ஆம் வருடம், மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட். பிளாக் டவுனில் ஒரு வீடு எங்கள் முன்னோருக்குச் சேர வேண்டும், வாடகையில் ஒரு பகுதி அன்னதானத்துக்குப் போக வேண்டும் என்று அதில் இருப்பதாகப் படித்தவர் சொன்னார். “சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை யாரும் மாற்ற முடியாது, நேராக டெல்லியிலேயே போடலாம்” என்று ஒரு புரோக்கர் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதித் தரச் சொல்கிறார். ஒன்றரை லட்சம் முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், பவரும் வேண்டாம்.

டெல்லியில் இருக்கும் உச்ச நீதிமன்றம் 1950இல் வந்தது. உங்கள் காகிதத்தில் இருப்பது அதுவல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது, ஆங்கிலேய மன்னரின் சாசனத்தின் பேரில் 1801இல் சென்னையில் திறக்கப்பட்ட கோர்ட் அது. தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் அதன் முதல் தலைமை நீதிபதி. கல்கத்தாவில் 1774இலேயே இப்படி ஒன்று வந்துவிட்டது, பம்பாயில் பிறகுதான் வந்தது. பெயர்தான் பெரிது. நிலம், வீடு என்று வந்தால் அதன் அதிகாரம் பட்டணத்து எல்லையோடு நின்றது. வெளியே ஜில்லாக்களில் கம்பெனியின் கோர்ட்டுகள், அவற்றுக்கு மேலே சதர் அதாலத் என்ற கம்பெனியின் அப்பீல் கோர்ட். இரண்டு பக்கமும் சட்டமும் வேறு, நடைமுறையும் வேறு. சுப்ரீம் கோர்ட் சொன்னதும் முடிந்த முடிவு கிடையாது. லண்டனில் மன்னரின் அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகலாம். “யாரும் மாற்ற முடியாது” என்பது அந்தக் காலத்திலேயே பொய்.

இந்த இரட்டை நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தத்தான் சட்டங்களைத் தொகுக்கும் வேலை தொடங்கியது. 1833 சாசனச் சட்டத்தைத் தொடர்ந்து மெக்காலே தலைமையில் கமிஷன் அமைந்தது. தண்டனைச் சட்ட வரைவை 1837இல் கொடுத்துவிட்டார்கள். அது சட்டமானது 1860இல். இருபத்து மூன்று வருடம் கிடப்பில்! நம் ஊர் வாய்தா வியாதி அப்போதே இருந்திருக்கிறது. கடைசியில் அதைத் திருத்தி முடித்த பார்ன்ஸ் பீகாக், அது நிறைவேறும்போது கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாகவே இருந்தார். 1859இல் வந்த சிவில் நடைமுறைச் சட்டமோ சுப்ரீம் கோர்ட்டுகளைத் தொடவே இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று ஆரம்பித்தவர்கள், பெரிய கோர்ட்டின் வாசலில் தயங்கி நின்றார்கள். 1861இல் லண்டன் பாராளுமன்றம் உயர் நீதிமன்றச் சட்டம் போட்ட பிறகுதான் சுப்ரீம் கோர்ட், சதர் அதாலத் இரண்டும் ஒழிந்தன. 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திறந்தது.

உங்கள் டிக்ரிக்கு முடிவு கட்டியதும் இந்தத் தொகுப்புச் சட்டங்களில் ஒன்றுதான். வழக்குக்கும் டிக்ரிக்கும் கெடு வைக்கும் 1859ஆம் வருடக் காலவரையறைச் சட்டம், அரச சாசனத்தில் அமைந்த கோர்ட்டின் டிக்ரியை நிறைவேற்றப் பன்னிரண்டு வருடம்தான் கொடுத்தது. மற்ற கோர்ட்டுகளின் டிக்ரிக்கு மூன்றே வருடம். இடையில் பணத்தில் ஒரு பகுதி வாங்கியிருந்தால் அல்லது எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். இன்றைய 1963 சட்டத்திலும் அதே பன்னிரண்டு வருடம். உங்கள் பாட்டனார் பிறக்கும் முன்பே காலாவதியாகியிருக்கக்கூடிய டிக்ரி இது. அந்த வீட்டில் இன்று இருப்பவர்கள் எத்தனையோ கை மாறி வந்திருப்பார்கள், அவர்களிடம் போய் நிற்க இது உதவாது.

சரி, அன்னதானம்? இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புரோக்கர் இதையும் பிடித்துக்கொள்வார் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இன்றைய காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகச் சொத்து ஒரு டிரஸ்டியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அந்த டிரஸ்டி மீதோ அவருடைய வாரிசு மீதோ அதை மீட்க வழக்குப் போட எத்தனை வருடமானாலும் தடையில்லை. இந்து தர்மச் சொத்துகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நன்றாகப் பாருங்கள். வீடு முழுவதையும் தர்மத்துக்கு எழுதி வைப்பது வேறு. வீடு குடும்பத்துக்கே இருக்கட்டும், வாடகையில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகட்டும் என்பது வேறு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது ரகம். அதில் வீடு தர்மச் சொத்தாக ஆகிவிடாது, தர்மத்துக்கு வருமானத்தில் ஒரு பாத்தியதை மட்டும் உண்டு. முதல் ரகமாகவே இருந்தாலும், பணம் கொடுத்து வாங்கியவர் மீது இந்தப் பிரிவு பாயாது. அப்படியே பாய்ந்தாலும் மீட்கப்படுவது தர்மத்துக்குத்தான் போகும், உங்கள் வீட்டுக்கு வராது. பொது தர்மமென்றால் வழக்குப் போடவே தனி அனுமதி வாங்க வேண்டும். ஆக, இந்த வாசல் திறந்திருந்தாலும் அது நீங்கள் நுழைவதற்கான வாசல் இல்லை.

இனி அந்த ஆள் விஷயம். டெல்லியில் ஜெயிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. பவரை வைத்துச் சென்னையில் ஒரு வழக்கைப் போட்டுவிட்டால், இப்போதைய உரிமையாளர் சொத்தை விற்கவோ கடன் வாங்கவோ முடியாமல் திண்டாடுவார். அப்போது “சமாதானமாகப் போகலாம்” என்று ஒரு தொகை கை மாறும். அது உங்களுக்கு வராது. பொய் வழக்கு என்று எதிர்த்தரப்பு கிளம்பினால் மட்டும் உங்கள் பெயர் இருக்கும். இந்தப் பிழைப்பு இத்தனை சுலபமாக நடப்பதற்கு வக்கீல்களான எங்கள் தொழிலும் ஒரு காரணம். சட்டத்தைத் தொகுத்து நூற்றறுபது வருடம் ஆகிறது, உயர் நீதிமன்றத்தில் இன்னும் ஆங்கிலம்தான். சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் டிக்ரியைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தால், படிக்கிறவன் சொல்வதுதானே சட்டம்?

காகிதமே அசல்தானா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். பிளாக் டவுனுக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. 1854ஆம் வருடக் காகிதத்தில் அந்தப் பெயர் இருந்தால் மூடி வைத்துவிடலாம். ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது, அதன் பிரிவு எண் இருந்தாலும் அப்படியே. 1862 ஆகஸ்டுக்குப் பிந்தைய தேதியில் மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் டிக்ரி இருக்கவே முடியாது.

குடும்ப வரலாற்றுக்காக மூல ஆவணத்தைத் தேட ஆசையென்றால், ஒழிந்த கோர்ட்டுகளின் பதிவேடுகள் இனி உயர் நீதிமன்றத்தின் பதிவேடுகள் என்று 1861 சட்டமே சொல்லிவிட்டது. அங்கே நகலுக்கு மனுப் போடலாம். வழக்கின் வருடம், இரு தரப்பார் பெயர், தெரிந்தால் வழக்கு எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அலைச்சல் நிச்சயம், உடனே கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெட்டியில் கிடைத்த காகிதத்தைப் புரோக்கரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அது பதிவான பவரா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்த்து இந்த வாரமே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ரத்து செய்ததை அவருக்கு ஸ்பீட் போஸ்டில் (பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது) தெரிவித்து, அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.